மீனுக்குள் நஞ்சு எங்கே இருக்கிறது

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷூ மேற்கே முடிகிற இடத்தில் ஷிமோனோசெகி நகரம் இருக்கிறது. எதிர்க்கரையில் கியூஷூ தீவு. இரண்டுக்கும் நடுவே கன்மோன் நீரிணை; ஓரிடத்தில் அதன் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. நீரிணையைப் பார்த்த மேட்டில், அகாமா ஆலயத்தை ஒட்டி, ஷுன்பன்ரோ என்ற பழைய உணவகம் உண்டு. ஒரு கண் மருத்துவர் வைத்திய சாலை நடத்திய இடம் அது. அவருடைய மறைவுக்குப் பிறகு மனைவி மிச்சி அதை விடுதியாகவும் உணவகமாகவும் நடத்தினார்.

1887ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானின் முதல் பிரதமர் இட்டோ ஹிரோபுமி அங்கே வந்து தங்கினார். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகுகள் போகவில்லை, மீன் வரவில்லை. பிரதமருக்குப் பரிமாற நல்ல மீன் எதுவும் இல்லை. மிச்சியிடம் இருந்தது ஃபுகு என்ற நஞ்சு மீன் மட்டும்தான். தின்றால் தண்டனை, விற்றால் தண்டனை என்று சட்டம் விலக்கி வைத்திருந்த மீன் அது. தண்டனைக்குத் துணிந்து அதைச் சமைத்துப் பரிமாறினார். இட்டோ ருசித்துச் சாப்பிட்டார். மறு ஆண்டு, 1888இல், யமகுச்சி மாகாணத்தில் மட்டும் தடை நீங்கியது. ஃபுகு பரிமாற அரசு அனுமதி பெற்ற முதல் உணவகம் ஷுன்பன்ரோ. உணவகத்தார் இன்றும் சொல்லிவரும் வரலாறு இது. இட்டோ அந்த மாகாணத்துக்காரர்தான் என்பதால், ஃபுகுவின் ருசி அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கரையில் சட்டத்துக்குப் பயந்து யாரும் ஃபுகுவை விட்டுவிடவில்லை.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1592இல் டொயோடோமி ஹிதெயோஷி கொரியாவின் மீது படையெடுக்கக் கியூஷூவில் வீரர்களைத் திரட்டினான். வந்த வீரர்களில் பலர் போருக்குப் போகும் முன்பே ஃபுகு தின்று மாண்டார்கள். மீனையே தடை செய்தான். பின்வந்த எடோ காலத்திலும் சிற்றரசுகள் தடையைத் தொடர்ந்தன. ஷிமோனோசெகியை ஆண்ட சோஷூ சிற்றரசு இன்னும் கடுமையானது. ஃபுகு தின்று ஒரு சாமுராய் இறந்தால் குடும்பத்தின் பரம்பரை மானியமே பறிபோகும். தலைவனுக்காகக் கொடுக்க வேண்டிய உயிரை நாக்குக்காகக் கொடுத்தது குற்றம். 1882இல் மெய்ஜி அரசும் ஃபுகு உண்பவரைக் காவலில் வைக்கச் சட்டம் செய்தது. ஆனால் இந்த மீனின் எலும்புகள் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்துச் சிப்பி மேடுகளிலேயே கிடைக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தின்றுவந்ததை ஆணை போட்டு நிறுத்த முடியவில்லை.

அந்தத் தடைகள் எல்லாமே மீனை முழுதாகப் பார்த்தன. முழு மீனும் நஞ்சு, ஆகவே முழு மீனும் வேண்டாம். கரையோரச் சமையல்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஈரல் ஆகாது, சினை ஆகாது, குடல் ஆகாது. சதை ஆகும், தோல் இந்த வகையில் ஆகும், அந்த வகையில் ஆகாது. மிச்சியின் அடுக்களையில் பிரதமர் உயிரோடு எழுந்து போனது துணிச்சலால் அல்ல, இந்தக் கணக்கால். 1888இல் அரசு அனுமதித்ததும் உண்மையில் மீனை அல்ல, அதை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த கையை. நஞ்சு எது என்று வேதியியல் பெயர் சொல்லும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று அடுக்களைக்குத் தெரிந்திருந்தது. ஃபுகுவின் அறிவியல், அந்த அறிவு ஏன் சரியாக இருந்தது என்று பின்னால் வந்து விளக்கிய கதைதான்.

ஷுன்பன்ரோவின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது வேறு காரணத்தால். 1895 மார்ச்சில் சீன ஜப்பானியப் போரை முடிக்கும் பேச்சுவார்த்தை அங்கேதான் நடந்தது. இட்டோவும் முட்சு முனெமிட்சுவும் ஒரு பக்கம், சீனாவின் லி ஹோங்ஜாங் மறுபக்கம். பேச்சுக்கு நடுவே, தங்கியிருந்த கோயிலுக்குத் திரும்பும் வழியில் லியை ஒருவன் சுட்டான். குண்டு முகத்தில் பாய்ந்தும் பிழைத்தார். ஏப்ரல் 17இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, தைவான் ஜப்பானின் கைக்குப் போனது. பழைய கட்டடம் 1945இல் விமானத் தாக்குதலில் எரிந்துவிட்டது. இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. 1937இல் பக்கத்தில் எழுப்பிய நினைவுக்கூடத்தில் பேச்சுவார்த்தை மேசையும் நாற்காலிகளும் உள்ளன.

இனி நஞ்சைப் பார்ப்போம். ஃபுகு தின்று நஞ்சேறியவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். தின்ற அரை மணியிலோ இரண்டு மூன்று மணியிலோ அது தொடங்கும். பிறகு விரல் நுனிகள், பிறகு கை கால். பேச்சு குழறும், நடக்க முடியாது, கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும். ஐரோப்பியர்களில் இதை அனுபவித்து எழுதிவைத்தவர்களில் கேப்டன் ஜேம்ஸ் குக் ஒருவர். 1774இல் நியூ கலிடோனியாவில் இவ்வகை மீனின் ஈரலையும் சினையையும் சிறிதளவு சுவைத்துவிட்டு, இரவில் கை கால் மரத்து அவதிப்பட்டார். மிச்சத்தைத் தின்ற பன்றி காலையில் செத்துக்கிடந்தது. நம் கடலோர மீனவர்கள் பேத்தை என்று சொல்லி வலையிலிருந்து ஒதுக்கும் மீன்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவர்கள் ஒதுக்குவது சரி. எந்த வகையில் எந்த உறுப்பு என்ற கணக்கு கையில் இல்லாத இடத்தில் ஒதுக்குவதே அறிவு.

1909இல் வேதியியலாளர் தஹாரா யோஷிசுமி, ஃபுகுவின் சினைப்பையிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயரிட்டார். தூய படிகமாகக் கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. மூலக்கூறு சிறியதுதான்: பதினொரு கார்பன், பதினேழு ஹைட்ரஜன், மூன்று நைட்ரஜன், எட்டு ஆக்சிஜன். ஆனால் அவை இறுக்கமான ஒரு கூண்டாகப் பின்னிக் கிடந்ததால் அமைப்பைக் கண்டறிவது பெரும்பாடாக இருந்தது. 1964இல் கியோட்டோவில் நடந்த மாநாட்டில் டோக்கியோவின் சுடா, நகோயாவின் ஹிராட்டா, ஹார்வர்டின் உட்வர்ட் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே வந்து ஒரே அமைப்பைச் சொன்னன. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் மோஷர் குழு, கலிபோர்னியாவின் நியூட் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரியின் நஞ்சும் இதே மூலக்கூறு என்று காட்டியது. கடல் மீனுக்கும் மலையோடையில் வாழும் நியூட்டுக்கும் ஒரே நஞ்சு எப்படி வந்தது? இந்தக் கேள்வி அன்றே எழுந்துவிட்டது. பின்னாளில் நீலவளைய ஆக்டோபஸிலும் அதையே கண்டார்கள்.

1964இலேயே நராஹாஷி தோஷியோவும் உடன் பணியாற்றியவர்களும் நஞ்சு எங்கே போய்த் தாக்குகிறது என்பதை லாப்ஸ்டரின் தடித்த நரம்பிழையில் அளந்து காட்டினார்கள். நரம்பில் ஓடும் செய்தி என்பது ஒரு மின் மாற்றம். நரம்புச் செல்லின் சவ்வில் சோடியத்துக்கென்றே திறக்கும் புரத வழிகள் உள்ளன. அவை திறந்ததும் வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் அடுத்த வழியைத் திறக்கிறது. இப்படியே செய்தி நரம்பின் நீளத்துக்கும் ஓடுகிறது. டெட்ரோடோடாக்சின் இந்த வழியின் வெளிவாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மடை வாயில் கல் விழுந்து அடைத்துக்கொண்டால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வயலுக்குள் சொட்டு இறங்காது, அதுபோலத்தான். மூலக்கூறின் ஒரு முனையில் உள்ள நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜன் தொகுதி சோடியம் நுழைகிற துளைக்குள் நீட்டிக்கொள்கிறது. சோடியம் மட்டும்தான் நிற்கிறது, பொட்டாசியம் வழிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. இவ்வளவு துல்லியமாக ஒன்றை மட்டும் அடைக்கும் பொருள் அதுவரை நரம்பியலாளர்களின் கையில் இருந்ததில்லை. கொல்லும் மீனிலிருந்து வந்த இந்தப் பொருள் ஆய்வகங்களில் அன்றாடக் கருவி ஆனது. சோடியம் வழி என்ற புரதத்தைப் பிரித்தெடுக்கவும் எண்ணவும் அதுவே உதவியது.

பெரியவர் ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும். மாற்று மருந்து கிடையாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு அழிவதில்லை. ஆனால் இதயத்தை அது எளிதில் நிறுத்துவதில்லை. இதயத் தசையில் உள்ள சோடியம் வழியின் வாயருகே ஓர் அமினோ அமிலம் மாறி இருப்பதால் நஞ்சு அங்கே உறுதியாகப் பற்ற முடிவதில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் அது எளிதில் போவதில்லை. அதனால்தான் அசையவோ பேசவோ முடியாமல் கிடப்பவருக்குக் கடைசிவரை நினைவு இருக்கும் என்கிறார்கள். இதயம் எளிதில் நிற்காததைத்தான் மருத்துவர்கள் நம்புகிறார்கள். உடனே செயற்கைச் சுவாசம் கொடுத்து மூச்சை நடத்திவிட்டால், நஞ்சு மெல்லச் சிறுநீரில் வெளியேறி, ஆள் முழுதாக எழுந்து வந்துவிடலாம்.

ஃபுகு தன் நஞ்சால் தானே சாகாதது ஏன் என்பதற்கும் அந்தச் சோடியம் வழியில்தான் விடை. அதன் தசையிலும் நரம்பிலும் உள்ள சோடியம் வழிகளில், நஞ்சு பற்றும் அதே இடத்தில் அமினோ அமிலம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் இந்த மாற்றங்களை மரபணு அளவில் விளக்கினார்கள். அதற்கு முன்பே, 2002இல், சிட்னி பிரென்னர் முன்னின்ற குழு ஃபுகுவின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டிருந்தது. முதுகெலும்புள்ள உயிர்களில் மனிதனுக்கு அடுத்தபடியாக எடுத்துக்கொண்ட மீன் அதுதான். மனிதனுக்குள்ள அளவுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மரபணுப் பொருளில் இந்த மீன் தன் வாழ்க்கையை நடத்திக்கொள்கிறது என்பதால் அதைத் தேர்ந்தார்கள்.

நஞ்சை ஃபுகு தானே செய்வதில்லை. கடலில் வாழும் விப்ரியோ போன்ற சில பாக்டீரியாக்கள் செய்கின்றன. அவை நட்சத்திர மீன்களிலும் நத்தைகளிலும் தட்டைப் புழுக்களிலும் சேர்கின்றன. அவற்றைத் தின்னும் ஃபுகுவின் ஈரலுக்கும் சினைப்பைக்கும் அது வந்து சேர்கிறது. 1980களில் நோகுச்சி தமாவோவும் பிற ஆய்வாளர்களும் கட்டிய இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று வளர்ப்பு மீன்களிலிருந்து கிடைத்தது. கடலடியைத் தொடாத வலைக்கூண்டிலும் கரைத் தொட்டியிலும் நஞ்சில்லாத தீனி கொடுத்து வளர்த்த ஆயிரக்கணக்கான ஃபுகுக்களின் ஈரலைச் சோதித்தபோது நஞ்சு இல்லை. கடலில் வளரும் ஃபுகுவின் உடலில் சேரும் அளவு நஞ்சில் வேறு மீனாக இருந்தால் செத்திருக்கும். ஃபுகு அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு பயன்படுத்துகிறது. தாய் சினையில் சேர்த்து வைக்கும் நஞ்சு, பொரித்து வெளிவந்த குஞ்சின் தோலிலும் இருக்கிறது. கவ்விய பெரிய மீன் உடனே துப்பிவிடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பெண் மீனின் சினைப்பையில் நஞ்சு ஏன் அவ்வளவு என்பது இதனால் விளங்கும். ஆண் மீனின் விந்துப்பையோ பல வகைகளில் நஞ்சற்றது. அடுக்களை அதை விலையுயர்ந்த பண்டமாகப் பொரித்தும் சுட்டும் தருகிறது.

உறுப்பு உறுப்பாக, வகை வகையாக நஞ்சை அளந்து அட்டவணை போட்டவர் தனி இவாவோ. 1945இல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. அளவு சுண்டெலிக் கணக்கில் இருக்கும். 20 கிராம் எடையுள்ள சுண்டெலியை அரை மணியில் கொல்லும் நஞ்சு ஓர் அலகு. மனிதனுக்கு ஏறத்தாழ 10,000 அலகு வேண்டும். ஒரு கிராமில் 10 அலகுக்குக் குறைவாக உள்ள பகுதியை உண்ணத்தக்கது என்று வைத்தார்கள். அதில் ஒரு கிலோவைத் தின்றாலும் கொல்லும் அளவை எட்டாது. 1983இல் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பட்டியலும் இந்த வழியில் வந்ததுதான். இருபதுக்கு மேற்பட்ட வகைகளுக்கு எந்த உறுப்பு ஆகும் என்று அது சொல்கிறது. புலி ஃபுகு என்ற தோராஃபுகுவுக்குச் சதை, தோல், விந்துப்பை. குசாஃபுகுவுக்குச் சதை மட்டும். எந்த வகையாக இருந்தாலும் ஈரலும் சினையும் கூடாது.

இந்தப் பட்டியல் சும்மா வந்ததல்ல. 1950களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் ஃபுகுவால் இறந்த ஆண்டுகள் உண்டு. இப்போது சில ஆண்டுகளில் ஒருவர்கூட இறப்பதில்லை. நோய்ப்படுபவர்களில் பெரும்பாலோர் தானே தூண்டில் போட்டுப் பிடித்து வீட்டில் அறுத்தவர்கள். டோக்கியோ 1949இலேயே உரிமம் கேட்கத் தொடங்கியது. உரிமம் வாங்கும் சமையல்காரர் கலந்து கிடக்கும் வகைகளை இனம் பிரிக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் மீனை அறுத்து உறுப்புகளை வரிசையாக வைத்து ஆகும், ஆகாது என்று பெயரிட வேண்டும். நஞ்சுள்ள பாகங்கள் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போகும். தேர்வில் தவறுபவர்கள் நிறைய. தவறியவர்களை நினைத்து நான் மகிழ்ச்சியே அடைகிறேன்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கிறது? தோராஃபுகுவின் சதையில் நூறு கிராமில் அரை கிராம் கொழுப்புகூட இல்லை. புரதமும் கொலாஜனும்தான். பிடித்தவுடன் சாப்பிட்டால் ரப்பர்போல் இழுபடும்; ருசியும் குறைவு. அதனால் அறுத்த சதையைத் துணியில் சுற்றி ஒன்றிரண்டு நாள் குளிரில் வைக்கிறார்கள். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி மீனின் உடலில் படிப்படியாக உடைந்து இனோசினிக் அமிலமாகிறது. கொடாமா ஷிந்தாரோ 1913இல் உலர்ந்த கட்சுவோ மீனில் கண்டறிந்த சுவைப்பொருள் அது. சதையின் விறைப்பும் அப்போது சற்றுத் தளரும். பிறகு நீண்ட மெல்லிய கத்தியால், அடியில் தட்டின் ஓவியம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவிச் செவ்வந்திப் பூவின் இதழ்களாக அடுக்குகிறார்கள். மெல்லிசாகச் சீவுவது அழகுக்கு மட்டுமல்ல. தடிமனாக இருந்தால் இந்தச் சதையை மெல்லவே முடியாது. பூ இதழ் ஒவ்வொன்றையும் மெல்லிய வெங்காயத்தாளில் சுற்றி, தைதை என்ற கசப்பாரஞ்சின் சாறு சேர்ந்த சோயாவில் தோய்த்துத் தின்ன வேண்டும். அடுத்து வருவது எலும்போடு கொதிக்கும் சட்டிக் குழம்பு. அதில் கொம்பு கடற்பாசி போட்டிருப்பார்கள். பாசியிலுள்ள குளுட்டமேட்டும் மீனிலுள்ள இனோசினேட்டும் சேரும்போது சுவை இரண்டின் கூட்டைவிடப் பலமடங்கு கூடும். கடைசியில் மிச்சக் குழம்பில் சோறு போட்டுக் கஞ்சியாக்குவார்கள். விருந்தின் உச்சம் அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. காயவைத்துச் சுட்ட துடுப்பைச் சூடான சாகேயில் ஊறவைத்து அருந்துவதும் வழக்கம்.

ஷிமோனோசெகியின் பெருமையை அதன் கடலில் மட்டும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே விற்பனையாகும் ஃபுகுவில் பெரும்பகுதி நாகசாகி போன்ற வேறு பகுதிகளில் பிடித்ததும் வளர்த்ததும். ஆனாலும் மீன் இங்கேதான் வருகிறது. நகரத்தின் ஹயேதோமாரி சந்தையில் ஏலம் பேசுபவர்கள், கறுப்புத் துணிக்குழாய்க்குள் கைவிட்டு விரல்களைப் பற்றிச் சத்தமில்லாமல் விலை பேசிக்கொள்கிறார்கள். விலைபோன மீன், உரிமம் பெற்றவர்களின் கையில் அறுபட்டு, நஞ்சு நீங்கி, நாடெங்கும் போகிறது. மிச்சியின் காலத்திலிருந்து இந்த நகரம் சேர்த்தது அந்தக் கைத்திறனைத்தான். மீன் அதைத் தேடி வருகிறது.

அறிவு எவ்வளவு இருந்தாலும் ஆசைக்கு எல்லை போடுவது கடினம். புகழ்பெற்ற கபுகி நடிகர் பண்டோ மிட்சுகோரோ 1975 ஜனவரியில் கியோட்டோவில் ஃபுகு ஈரலை நான்கு தட்டு கேட்டு வாங்கித் தின்று இறந்தார். அவருக்கு ஈரலைப் பரிமாறியவர் மீது வழக்கு நடந்தது. ஈரல் கொழுப்பு நிறைந்தது, ருசியானது. நாக்கில் மெல்லச் சுரீரென்று வருவதே சுகம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தச் சுரீருணர்ச்சி சோடியம் வழிகள் அடைபடத் தொடங்கியதன் முதல் அறிகுறி. அதை ருசி என்று யாரும் சொல்லக் கூடாது.

இனி வரும் வாதம் இதைவிடச் சிக்கலானது. வளர்ப்பு ஃபுகுவின் ஈரலில் நஞ்சு இல்லை என்று ஆய்வு சொல்லும்போது, ஈரலை ஏன் அனுமதிக்கக் கூடாது? சாகா மாகாணத்தார் இதைக் கேட்டு அரசுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, பாதுகாப்பானது என்று உறுதிசெய்ய முடியாது என்று 2017இல் மறுத்தது. ஆய்வாளர்களின் பக்கத்து வாதம் வலுவானது என்றாலும் ஆணையம் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். தீனி மாறினாலோ, வலையோரம் நத்தைகள் ஒட்டினாலோ, தட்டில் வந்த ஈரல் எந்தப் பண்ணையின் ஈரல் என்று யார் சொல்வது? சமைக்கும் கைக்குத் தெரியாத ஒன்றைப் பண்ணையின் பதிவேட்டிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. விதிவிலக்காக, இஷிகாவா மாகாணத்தில் நஞ்சுள்ள சினைப்பையையே ஓராண்டு உப்பிலும் பிறகு ஈராண்டு அரிசித் தவிட்டிலும் ஊறவைத்து, நஞ்சின் அளவைச் சோதித்து, விற்கிறார்கள். அங்கே அந்த வழக்கம் நிற்பதற்குச் சோதனையும் காலமும்தான் பிணை.

ஷிமோனோசெகியின் மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சமீபத்தில் எழுப்பிய கவலை வேறொன்று. கடல் சூடாகும்போது சில ஃபுகு வகைகள் வடக்கே நகர்ந்து, பிற வகைகளோடு கலந்து இனம் பெருக்குகின்றன. வட பசிபிக் கரையில் பிடித்த ஒரு தொகுதியில் பாதிக்கு மேல் கோமாஃபுகுவும் ஷோசாய்ஃபுகுவும் கலந்த கலப்பினங்கள் என்று மரபணுச் சோதனை காட்டியது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் தூய வகைக்கு எழுதியது. கலப்பினத்தில் தாயின் நஞ்சுள்ள உறுப்பு நிற்கிறதா, தந்தையின் உறுப்பு நிற்கிறதா என்று அந்த வரி சொல்லாது. உடலின் முட்களையும் புள்ளிகளையும் துடுப்பின் நிறத்தையும் பார்த்தே வகை பிரிக்கும் சந்தைக் கண்களுக்குக் கலப்பினம் இரண்டுக்கும் நடுவே நிற்கும். இன்னதென்று சொல்ல முடியாத ஃபுகுவை உணவாக்கக் கூடாது என்பதே விதி. ஹயேதோமாரியில் இனம் பிரிப்பவர்கள் அப்படிப்பட்ட மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். அது ஏலத்துக்கு வருவதில்லை.